கலைடாஸ்கோப் குழுவுக்கு அதன் அடையாளத்தைத் திருப்பித் தாருங்கள்: ஒரு திறந்த மடல்

இணைய இசைச் சேவைகளின் பட்டியல்களைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். லண்டனைச் சேர்ந்த கலைடாஸ்கோப் என்ற இசைக்குழு 1967 நவம்பரில் ஃபான்டானா நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ‘டேஞ்சரின் ட்ரீம்’ என்னும் இசைத்தொகுப்பைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். பிரிட்டனில் பிறந்த சைகடெலிக் பாப் இசையின், அதாவது கனவும் மாயமும் கலந்த அறுபதுகளின் பாப் இசையின், மிக அழகிய தொகுப்புகளுள் இதுவும் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் இதைக் கேள்விப்பட்டுத் தேடி வரும் ஒருவரை இரண்டு பெயர்க்குழப்பங்கள் திசைதிருப்பிவிடுகின்றன.

முதற்குழப்பம் குழுவின் பெயரில் இருக்கிறது. டேவிட் லிண்ட்லி இடம்பெற்ற கலிஃபோர்னியக் குழு ஒன்றும் கலைடாஸ்கோப் என்ற பெயரில்தான் அதே 1967-இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. நாட்டுப்புற இசையோடு மத்தியக் கிழக்கு இசையைக் கலந்து வாசித்த அந்தக் குழுவும் சிறப்பானதே. எனினும் லண்டன் குழுவோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. இரண்டாவது குழப்பம் தொகுப்பின் பெயரில். எட்கர் ஃப்ரோஸ மேற்கு பெர்லினில் 1967-இல் தொடங்கி, பின்னாளில் மின்னணு இசையால் உலகப்புகழ் பெற்ற குழுவின் பெயரும் டேஞ்சரின் ட்ரீம் என்பதால், அப்பெயரைத் தேடுபவர் முன் அக்குழுவின் எண்ணற்ற பதிவுகளே வந்து நிற்கின்றன. இசைத்தட்டின் உறையைக் கையில் வைத்துப் பார்த்த காலத்தில் இது பெரிய சிக்கலாக இருந்திருக்காது. இன்று பெயரை மட்டுமே நம்பித் தேடுகிறோம்.

இந்தப் பதினொரு பாடல்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்கள் யார் என்பதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். பீட்டர் டால்ட்ரி எழுதிப் பாடினார். எடி பியூமர் மெட்டமைத்துக் கிட்டார் வாசித்தார். ஸ்டீவ் கிளார்க் பேஸ் கிட்டாரும் டானி பிரிட்ஜ்மன் டிரம்ஸும் வாசிக்க, டிக் லேஹி தயாரித்தார். பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஜூனிலும் பிங்க் ஃபிளாய்டின் முதல் தொகுப்பு ஆகஸ்டிலும் வெளிவந்திருந்த ஆண்டு அது. அந்தப் பெரும் ஒலிகளுக்கு நடுவே, கடிகாரம் பழுதுபார்க்கும் மிஸ்டர் ஸ்மால் என்ற எளிய மனிதரைப் பற்றி இந்த இளைஞர்கள் பாடினார்கள். ‘பிளீஸ் எக்ஸ்கியூஸ் மை ஃபேஸ்’ பாடலில் குரலை உயர்த்தாமலேயே மனத்தைக் கலங்கவைக்கிறார் டால்ட்ரி. இறுதிப் பாடலான ‘தி ஸ்கை சில்ட்ரன்’ ஏறத்தாழ எட்டு நிமிடம் நீள்கிறது. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க, குழந்தைகளின் மாயப் பயணம் ஒன்று அடியடியாக விரிந்துகொண்டே போகிறது. அலுப்புத் தட்டியிருக்க வேண்டிய அந்த அமைப்பு, முடிந்துவிடக் கூடாதே என்று நம்மை ஏங்கவைப்பதுதான் பியூமரின் மெட்டுக்குள்ள வலிமை.

அந்தப் பாடல் முடியும் இடத்தில் தொகுப்பும் முடிய வேண்டும். மறுபதிப்புகளில் தனித்தட்டுப் பாடல்களையும் (சிங்கிள்களாகத் தனியே வெளிவந்தவை) பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். அவையும் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவை பின்னர் சேர்க்கப்பட்டவை என்று தெளிவாகப் பிரித்துக் காட்டப்படாவிட்டால், 1967-இல் குழுவினர் திட்டமிட்ட முடிவு எதுவென்று புதிய நேயருக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்தக் குழுவின் பிற்காலப் பதிவுகளும் சிதறிக் கிடக்கின்றன. 1969-இல் ‘ஃபெயின்ட்லி புளோயிங்’ என்ற இரண்டாம் தொகுப்பு வந்தது. அதன் பிறகு அதே நால்வரும் ஃபேர்ஃபீல்டு பார்லர் என்று பெயரை மாற்றிக்கொண்டு 1970-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அடுத்துப் பதிவு செய்த ‘வைட் ஃபேஸ்டு லேடி’ சுமார் இருபது ஆண்டுகள் முடங்கிக் கிடந்து 1991-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இவை அனைத்தும் ஒரே குழுவின் படைப்புகள் என்பதை அறிய நேயர் தனியே ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கக் கூடாது.

ஆகவே நான் கேட்பவை எளியவை. இப்பெயரில் இயங்கிய குழுக்களை ஊரும் ஆண்டும் குறித்துத் தனித்தனிப் பக்கங்களாகப் பிரியுங்கள். ஃபேர்ஃபீல்டு பார்லரின் பக்கத்தை லண்டன் குழுவின் பக்கத்தோடு இணையுங்கள். ஒவ்வொரு பாடலின் கீழும் எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர், தயாரித்தவர் பெயர்களையும், ஒலிப்பதிவு மோனோவா (ஒற்றைத் தட ஒலி) ஸ்டீரியோவா (இடம், வலம் என இரு தட ஒலி) என்பதையும் குறிப்பிடுங்கள். ஸ்டீவ் கிளார்க்கும் எடி பியூமரும் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் வாசித்த பாடல்களின் கீழ் அவர்கள் பெயர்களை முதலில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய இசைத்தட்டுகளை நேசிக்கும் ஒரு நேயர்