கடலூரிலிருந்து புவி அறிவியல் அமைச்சகத்துக்கு: இமயமலைக்குள் பனி இருக்கிறதா என்று கம்பி அடித்துப் பாருங்கள்

புவி அறிவியல் அமைச்சகத்தாருக்கு வணக்கம்.

கடலூர் பக்கம் போர் போடுவதற்கு முன் பாயிண்ட் பார்த்துக் கொடுப்பது என் தொழில். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற ஆள் இல்லை, ரெசிஸ்டிவிட்டி மெஷின் வைத்திருக்கிறேன், நிலம் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று ஓம்-மீட்டர் கணக்கில் சொல்கிற கருவி. நாலு கம்பியைத் தரையில் அடித்து, வெளிக்கம்பி இரண்டில் கரண்ட் விட்டு, உள்கம்பி இரண்டில் மின்னழுத்தம் அளந்து, வெளிக்கம்பிகளை விலக்கிக்கொண்டே போனால் ஆழத்தில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். பனியை நான் சினிமாவில் பார்த்ததோடு சரி. அப்புறம் இவனுக்கு இமயமலையில் என்ன வேலை என்றால், சுவிட்சர்லாந்து மலைகளில் நிலத்துக்குள் பனி இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே முறையில்தான், கம்பி மட்டும் நாலுக்குப் பதில் பல பத்து, ஒரே கேபிளில் வரிசையாக.

எனக்குத் தூக்கம் கெட்டது சிக்கிம் விஷயத்தால். 2023 அக்டோபர் 3 இரவு தெற்கு லோனக் ஏரிக்குள் பக்கத்துச் சரிவு சரிந்து விழுந்தது, ஏறத்தாழ 1.47 கோடி கன மீட்டர் மண்ணும் கல்லும். ஏரி உடைத்துக்கொண்டு தீஸ்தா ஆற்றில் இறங்கி சுங்தாங் அணையைக் கொண்டுபோனது. விழுந்தது சாதாரண மண்மேடு இல்லை, உறைந்து கிடந்த மேடு. அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அது நகர்ந்துகொண்டிருந்தது என்று பிற்பாடு செயற்கைக்கோள் படங்களில் பார்த்திருக்கிறார்கள். நகர்வதை வானத்திலிருந்து பார்க்கலாம், சரி. உள்ளே எத்தனை மீட்டர் பனி, அது கெட்டியாக இருக்கிறதா, ஈரம் கோர்க்க ஆரம்பித்துவிட்டதா என்பதற்குத் தரையில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும்.

ராக் கிளேசியரும் அப்படித்தான். மேலே பார்த்தால் வெறும் கல்குவியல், உள்ளே பனியும் கல்லும் கலந்த கட்டி, வருடத்துக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரை ஊர்ந்து இறங்கும். மேல்கல் வெயிலைத் தடுப்பதால் வெளியே தெரிகிற பனியாற்றைவிட மெதுவாக உருகும். லடாக் மாதிரி வறண்ட இடத்தில் அது நாளைய தண்ணீர்க் கணக்கிலும் வரவேண்டிய விஷயம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ரெசிஸ்டிவிட்டி எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். எங்கள் கடற்கரையில், தேவனாம்பட்டினம் பக்கம் 5 ஓம்-மீட்டர் வந்தால் அது உப்புத்தண்ணீராகவும் இருக்கலாம், களிமண்ணாகவும் இருக்கலாம், எண் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி அந்த எண்களை நிறமாக்கிய ஒரே ஒரு வண்ணப் படத்தைக் காட்டி, இது களிதான், கீழே நல்ல தண்ணீர் என்று போர் போட்டுக் கொடுத்தது. வந்தது வாயில் வைக்க முடியாத தண்ணீர். மலையில் இதே சிக்கல் தலைகீழாக வரும். பனிக்கட்டி பல ஆயிரத்திலிருந்து பத்து லட்சம் ஓம்-மீட்டர், அதற்கு மேலும் காட்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெறும் காற்று இருந்தாலும் எண் எகிறும். பனியா, பொந்தா?

அதைப் பிரிக்கத்தான் சம்மட்டியால் இரும்புத் தகட்டில் அடித்து அதிர்வு ஓடுகிற வேகத்தை அளக்கிறார்கள். பனியில் நொடிக்கு 3,500 மீட்டர் அளவில் ஓடும், காற்றில் 330தான், பொந்தும் கல்லுமான குவியலில் பனியைவிட ரொம்பவே மந்தமாகப் போகும். இரண்டு அளவும் சேர்ந்து உயர்ந்தால் பொந்து இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம், வேகம் 3,500 பக்கம் நின்றால் பனியாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிந்தால் ஒரு இடத்திலாவது துளை போட்டுச் சரிபார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் முர்டெல் ராக் கிளேசியரில் 1987-இல் 60 மீட்டர் அளவுக்குத் துளை போட்டு, அதிலிருந்து வெப்பநிலையைத் தொடர்ந்து எடுத்து வருகிறார்கள்.

ஒரு தடவை எடுத்துவிட்டு ரிப்போர்ட் கட்டுவதும் போதாது. வெப்பம் 0 டிகிரியை நெருங்க நெருங்க, பனி இன்னும் பனியாக இருக்கும்போதே அதன் இடுக்குகளில் உறையாத நீர் கூடும், எண் இறங்கும். அதே கம்பிகள் அதே இடத்தில் இருந்தால்தான் அந்த இறக்கம் பிடிபடும். சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் மலையில் 1999-இலிருந்து அப்படித்தான் ஒரே கோட்டில் அளக்கிறார்கள். பெரிய பாறைகள் நடுவே கம்பி பிடிக்காது என்று யாராவது சாக்கு சொன்னால், ஸ்பாஞ்சை உப்புத்தண்ணீரில் நனைத்துக் கம்பியோடு இடுக்கில் சொருகுங்கள், அங்கேயும் அதைத்தான் செய்கிறார்கள்.

அதனால் அணை, சுரங்கப்பாதை, சாலை வரப்போகிற பள்ளத்தாக்குகளில், ஏரிக்கு மேலே நிற்கிற உறைந்த மேடுகளில், இந்த இரண்டு அளவீட்டையும் நிரந்தரக் கோடுகளாகப் போட்டு ஆண்டுதோறும் எடுக்கப் பணம் ஒதுக்குங்கள். எடுத்ததைப் பொதுவில் வையுங்கள். வண்ணப் படம் வேண்டாம், கலர் அளவுகோலை மாற்றினால் எந்தப் படத்தையும் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம். மூல அளவீடு வேண்டும்: கம்பி இடைவெளி, விட்ட கரண்ட், கிடைத்த மின்னழுத்தம், தேதி. இங்கே கடலூரில் உட்கார்ந்து நானும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து போர் பாயிண்ட் பார்க்கிற ஒருவன்