நைஸ் வந்த வழி

பாளையங்கோட்டை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அண்ணனுக்கு முட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். ஐப்பசி மழை நன்றாகவே பெய்கிறது.

பேத்தியின் கட்டுரையில் 'நைஸ்' வந்த இடத்தையெல்லாம் டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார், ஏன் என்று அவள் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். இங்கிலீஷ் பாடம் எடுத்த காலத்திலிருந்தே எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவளுக்கு வாசித்துக் காட்டு.

லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். 'ஸ்கீரே' என்பது அறிதல். அதற்கு முன்னால் 'இல்லை' என்ற பொருளில் ஒரு 'நெ'. சயின்ஸ் என்ற சொல்லும் அந்த ஸ்கீரேயிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று திட்டியதாக அர்த்தம். அப்புறம் கூச்ச சுபாவம், எதிலும் எளிதில் திருப்தி வராத குணம், மென்மை, நுணுக்கம் என்று பொருள் நகர்ந்துகொண்டே போனது. நுணுக்கமான வேறுபாட்டை 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று இன்றும் சொல்கிறார்கள். இனிமையானது என்ற பொருள் ஊன்றியது பதினெட்டாம் நூற்றாண்டில்தான்.

அறியாமை எப்படி மென்மையாக மாறும் என்று பேத்தி கேட்டால் நம் 'மடம்' என்ற சொல்லைக் காட்டு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு அழகாகச் சொன்னார்களே, அந்த மடம் அறியாமைதான். 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று உரைகாரர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். அதாவது, சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் இருப்பது. 'வன்மையுள் வன்மை மடவார்ப் பொறை' என்று வள்ளுவர் சொல்லும்போது மடவார் என்றால் அறிவில்லாதவர்கள். வேறு எத்தனையோ பாட்டுகளில் அதே மடவார் பெண்கள். அறியாதவளாக இருப்பதே அழகு என்று ஒரு காலம் நினைத்தது, அந்த நினைப்பு சொல்லுக்குள் அப்படியே தங்கிவிட்டது. நைஸ் போன பாதையும் ஏறக்குறைய இதுதான். எனக்கு இதில் கோபமும் உண்டு கமலா, நாம் இரண்டு பேரும் கேட்டு வளர்ந்த பேச்சுதானே அது.

சரி, டீச்சர் ஏன் சுழித்தார்? 1817 கடைசியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் பதில் இருக்கிறது. அதன் நாயகி கேத்தரின் தான் படித்த ஒரு நாவலை மிக நைஸான புத்தகம் என்கிறாள். தன் தங்கையோடு கூட நடந்துவரும் நண்பன் ஹென்றி விடவில்லை: நைஸ் என்றால் நேர்த்தி, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். இன்று நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே போதும் என்று கேலி செய்கிறான். ஆனால் நேர்த்தியும் நாகரிகமும்தான் அந்தச் சொல்லின் ஆதிப் பொருளாக இருந்திருக்கும் என்று நினைக்கிறான் ஹென்றி. அதற்கும் பின்னால் முட்டாள் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. அந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பேத்தி மாற்றுச் சொல் தேடும்போது எது நைஸாக இருந்தது, எதனால் என்று தன்னையே முதலில் கேட்டுக்கொள்ளட்டும். ஆள் அன்பானவர் என்றால் 'கைண்ட்'. சொந்தபந்தத்தைக் குறிக்கும் 'கின்' என்ற சொல்லோடு உறவுள்ளது அது; நம்மவர் என்று நினைத்து நடத்துவது. பேச்சும் பழக்கமும் பண்பாக இருந்தால் 'பொலைட்'. லத்தீனில் அதற்கு மெருகேற்றியது என்று பொருள். வேலை நேர்த்தியாக இருந்தால் 'ஃபைன்'. முடிவு என்று பொருள்படும் 'ஃபீனிஸ்' அதன் மூலம். முடிவுவரை போனது, அதனால் குறையில்லாதது. போலீஸ் போடும் ஃபைனும் அதே மூலம்தான், பணத்தைக் கட்டினால் விவகாரம் முடிந்தது. மாலை நேரம் இதமாக இருந்தால் 'பிளசன்ட்'. இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. அதனால்தான் ஒரே வரியில் அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்லும் பட்டியல்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டுரையில் டீச்சர் செய்தது சரி. பேச்சில் அவள் தாராளமாக நைஸ் என்று சொல்லட்டும்.

நம் வீடுகளில் அந்தச் சொல் வேறு வாழ்க்கையே வாழ்கிறது, கவனித்தாயா? உளுந்தை நைசாக அரை என்கிறோம். கல்யாண வீட்டில் மொய் எழுதும் நேரம் பார்த்து நைசாக நழுவிவிட்டான் என்கிறோம். அந்தக் கள்ளத்தனம் ஆங்கில நைஸில் கிடையாது, நாம் சேர்த்தது. நைய அரைப்பதும் நயமாகப் பேசுவதும் ஏற்கெனவே நம் வாயில் இருந்ததால்தான் நைஸ் இத்தனை சுலபமாக ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

'சில்லி' என்ற சொல் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. பாக்கியவான் என்று தொடங்கி அப்பாவியாகி, அசடாகிவிட்டது. அதைப் பேத்தியிடம் நேரிலேயே சொல்கிறேன். தை பிறந்ததும் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது, முகூர்த்தம் முடிந்ததும் உன் வீட்டுக்குத்தான் வருகிறேன். அண்ணனுக்குக் கருப்பட்டி சேருமா என்று மட்டும் எழுது, அதைப் பார்த்து வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
லலிதா