ராத்திரி பேசாத, செல்வி

அன்புள்ள செல்விக்கு,

உன் லெட்டர் வந்து நாலு நாளாச்சுடி, பதில் எழுத உக்காந்தா கை வரல, ஏன்னா அதுல பாதி நானே எழுதின மாதிரி இருந்துச்சு. பெரியவ ப்ளஸ் டூ முடிச்சிட்டா, அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, இங்க வேற நியூஸ் இல்ல.

மொதல்ல அந்த மாத்திரை. உன் வீட்டுக்காரர் குடிய நிறுத்தணும்னு, உன் நாத்தனார் சொன்னாங்கன்னு, அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலக்கலாமான்னு கேட்டிருக்க. தயவுசெஞ்சு வேணாம். டைசல்ஃபிராம்னு பேரு அதுக்கு, டாக்டர் பாத்து, குடிக்கிறவரே சம்மதிச்சு போட வேண்டியது. அது உடம்புல இருக்கும்போது குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பூட்டி வச்சு ஒரே நாள்ல நிறுத்த வைக்கிறதும் வேணாம், தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல நடுக்கம், ஃபிட்ஸ் எல்லாம் வரலாம், எங்க வீட்டுக்காரரே ஒரு தடவை அப்படித்தான் சுவத்துல எறும்பு ஊருதுன்னு விடிய விடிய துடைச்சிட்டிருந்தார், ஒரு எறும்பு கூட இல்லடி அங்க.

நான் செஞ்ச தப்பு என்னன்னா பேசின நேரம். ராத்திரி பதினொன்னுக்கு கதவத் திறந்ததுமே ஆரம்பிப்பேன், அவர் எங்கம்மாவ இழுப்பார், நான் அவங்கம்மாவ இழுப்பேன், சின்னது போர்வைய தலை வரைக்கும் மூடிக்கும். காலைல அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, எனக்கு ஒரு வார்த்தை விடாம இருக்கும். அப்புறம் நானே அவர் ஆபீஸுக்கு போன் பண்ணி வைரல் ஃபீவர்னு சொல்லி லீவு கேப்பேன். ஒரு திங்கக்கிழமை காலைல பண்ணல. போனை அவர் கையில குடுத்து, "இனிமே நான் பொய் சொல்ல மாட்டேங்க, நீங்களே பேசுங்க"ன்னேன். நான் கத்தல. அவர் டம்ளர ரெண்டு கையால புடிச்சும் காபி தளும்பி டபராவுல கொட்டுச்சு, அதையே பாத்துட்டிருந்தார். "நேத்து சின்னவ உங்களுக்காக பன்னெண்டு வரைக்கும் முழிச்சிருந்தா, எனக்கு பயமா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டேன். உடனே எதுவும் மாறல, நாலு மாசம் கழிச்சுதான் அவரே வந்து எங்கயாவது கூட்டிட்டுப் போன்னார். அதுக்கப்புறமும் ரெண்டு தடவை வழுக்கி திரும்பக் குடிச்சார்.

"நான் சரியா இருந்தா அவர் ஏன் குடிக்கப் போறார்"னு எழுதியிருக்கியே, அத படிச்சதும் அழுதுட்டேன். எங்க மாமியார் பத்து வருஷம் இதையேதான் சொன்னாங்க, நானும் நம்பினேன். அல்-அனான் மீட்டிங்லதான் மொத தடவையா ஒருத்தர் சொன்னாங்க, நீங்க இதுக்குக் காரணம் இல்ல, உங்களால கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாதுன்னு. குடிக்கிறவங்களோட குடும்பத்துக்காக 1951ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது அது, ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் லோயிஸ், குடிய விட நினைக்கிறவங்களுக்கான ஏஏ சங்கத்தத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான பில்லோட மனைவி. புருஷன் குடிய விட்டப்புறம் மீட்டிங் மீட்டிங்னு ஓடுறதப் பாத்து ஒருநாள் கோவத்துல ஷூவ தூக்கி எறிஞ்சாங்களாம், அப்பதான் தனக்கும் உதவி வேணும்னு புரிஞ்சுதாம். எனக்கும் அப்படித்தான், அவர் நிறுத்தி ஆறு மாசம் கழிச்சும் சட்டை பாக்கெட்ட மோந்து பாத்துட்டிருந்தேன், ஒருநாள் அத அவர் பாத்துட்டு, "பாத்துக்கோ, தப்பில்ல"ன்னார்.

ஆனா உன் வீட்டுக்காரர் கை நீட்டினார்னா காலைல பேசலாம்னு காத்திருக்காத, பிள்ளைங்கள கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடு, பெண்களுக்கான உதவி எண் 181க்கு போன் பண்ணு. குடிய விட சிகிச்சைக்கு எங்க போறதுன்னு 14446க்கு போன் பண்ணி கேளு, போனுக்கு காசு கிடையாது.

உங்க ஊர்ல அல்-அனான் மீட்டிங் எங்க நடக்குதுன்னு விசாரிச்சுட்டு சொல்றேன். மொத நாள் நானும் வர்றேன்டி, ஏன்னா வாசல்ல செருப்ப கழட்டும்போதே திரும்பிப் போயிடலாம்னு தோணும், நான் ரெண்டு வாரம் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

உன்
மீனா