முதலில் அந்தப் பூட்டைத் திறங்கள்

மதிப்புக்குரிய நகர மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் பூட்டி வைத்திருக்கும் எங்கள் மகளிர் மன்றக் கட்டடத்தை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் அமைக்கும் தீர்மானம் அடுத்த மாதம் வாக்கெடுப்புக்கு வருகிறது. பின்னணி உங்களுக்குத் தெரியும், கோப்பே உங்களிடம்தான் இருக்கிறது. நான் எழுதுவது, போன கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் "பெண்கள் உட்கார்ந்து டீ குடித்த இடம்தானே" என்றதும் உங்களில் சிலர் சிரித்ததற்காக.

டீ குடித்தார்கள்தான். ஆனால் எங்கே உட்கார்ந்து குடிப்பது என்பதே ஒரு காலத்தில் பெரும்பாடு. 1868-இல் நியூயார்க் பத்திரிகையாளர்கள் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு டெல்மோனிகோஸ் உணவகத்தில் விருந்து வைத்தார்கள். ஜேன் கன்னிங்ஹாம் குரோலியும் பத்திரிகையாளர்தான். பெண் என்பதால் இடம் கொடுக்கவில்லை. அதே வருடம் அவர் தோழிகளோடு 'சொரோசிஸ்' என்ற மகளிர் மன்றத்தைத் தொடங்கி, அதே டெல்மோனிகோஸில் கூட்டமும் நடத்தினார். 1905-இல்கூட முன்னாள் அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லாண்ட், பெண்ணுக்கு நல்ல மன்றம் அவள் வீடுதான் என்று பத்திரிகையில் எழுதினார். அப்புறம் அவர்கள் தங்களுக்கென்று ஒரு கூரை தேடாமல் என்ன செய்வார்கள்?

எங்கள் கட்டடமும் அப்படி எழுந்ததுதான். கேக் விற்று, சமையல் குறிப்புப் புத்தகம் அச்சிட்டு, விருந்து சமைத்து டிக்கெட் போட்டுச் சேர்த்த காசு. கணவர் கையெழுத்து இல்லாமல் வங்கிகள் கடன் தரத் தயங்கிய காலம். கடன் தருவதில் ஆண் பெண் பேதம் கூடாது என்ற சட்டம் வந்ததே 1974-இல்தான். பிறகு பராமரிக்க முடியாமல், மாதக் கூட்டம் நடத்த மட்டும் உரிமை வைத்துக்கொண்டு, கட்டடத்தை நகரத்திடம் ஒப்படைத்தோம். இனாமாக.

கூரை ஒழுகுகிறது என்று நீங்கள் பூட்டியதிலிருந்து தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடுகிறோம். செங்குத்தான படி. வாக்கர் வைத்து நடப்பவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து எழுதிய கூட்டப் பதிவேடுகள் அத்தனையும் அந்த ஒழுகும் கூரைக்கடியில் அலமாரியில் இருக்கின்றன. ஒரு மணி நேரம் உள்ளே விடுங்கள், எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டோம். காப்பீடு இடம் தராது என்றீர்கள். கார்களுக்கு இடம் அளக்க உங்கள் ஆட்கள் உள்ளே போய் வந்தார்களே, அவர்களுக்கு மட்டும் காப்பீடு இடம் தந்ததா?

மன்றங்களில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1900-இல் மில்வாக்கி மாநாட்டில், ஜோசஃபின் செயின்ட் பியர் ரஃபினை அவருடைய கறுப்பினப் பெண்கள் மன்றத்தின் பிரதிநிதியாக ஏற்க மறுத்தது மகளிர் மன்றங்களின் பொதுக் கூட்டமைப்புதான். எங்கள் மன்றம் அன்று எந்தப் பக்கம் நின்றது என்று தெரிந்துகொள்ளவும் அந்தப் பதிவேடுகள்தான் வேண்டும்.

இந்த நாட்டில் குதிரைமேல் உட்கார்ந்த தளபதிகளின் சிலைக்கு எந்த ஊரிலும் குறைவில்லை. ஊர் ஊராக நூலகம் திறந்தவர்களுக்கு, 1916-இல் ஃபுளோரிடாவில் ராயல் பாம் பூங்காவை உருவாக்கி எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு வழிவகுத்த மன்றப் பெண்களுக்கு மிஞ்சியது இப்படிச் சில கூடங்கள்தான். அதிலும் கார் நிறுத்தினால்தான் ஊர் முன்னேறும் போலிருக்கிறது. நம் கலிஃபோர்னியா மாநிலத்திலேயே பெர்க்லியில், கட்டடக் கலைஞர் ஜூலியா மோர்கன் வடிவமைத்து 1930-இல் திறந்த மகளிர் மன்றக் கட்டடம் இன்று விடுதியாகவும் இயங்குகிறது. அந்த ஊரிலும் கார்கள் இருக்கின்றன.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன்: வாக்கெடுப்பைத் தள்ளிவையுங்கள். கூரையைப் பழுதுபார்க்க என்ன செலவாகும் என்று, பழைய கட்டடங்களைப் பற்றித் தெரிந்த ஒரு பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள். அதற்கெல்லாம் முன்னால் பூட்டைத் திறந்து பதிவேடுகளை எடுக்க விடுங்கள். தலைக்கவசம் வேண்டுமென்றால் நாங்களே வாங்கி வருகிறோம், கேக் விற்றாவது.

இப்படிக்கு,
மன்ற உறுப்பினர் ஒருவர்