லேப் மெயினை அணைக்காதீர்கள்: ஒரு விலங்கியல் மாணவியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் விலங்கியல் துறைப் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி எழுதுகிறேன். தை அமாவாசை நேரத்துத் தாமிரபரணித் தண்ணீரைச் சோதிக்கும் எங்கள் பிராஜெக்ட்டுக்கு என்ன ஆயிற்று என்று துறையில் எல்லாருக்கும் தெரியும், அதனால் ஆதியிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. கேட்க வந்தது இதுதான்: பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகளுக்கும் லேப்பைத் திறந்துவிடுங்கள், உள்ளே மாதிரி இருக்கும்போது இன்குபேட்டரை, அதாவது மாதிரியை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் பெட்டியை, அணைக்காதீர்கள்.

தை அமாவாசைக்கு முந்தின நாள், அமாவாசையன்று, மறுநாள் என்று மூன்று நாளும் பாபநாசம், சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, வண்ணார்பேட்டை என நான்கு இடங்களில் தாமிரபரணித் தண்ணீர் எடுத்தோம். நாங்கள் மூன்று பேர். இருட்டோடு கிளம்பி முதல் பஸ்ஸில் பாபநாசம் போவோம். 300 மில்லி பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கி, குமிழி வராமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடியைப் போட்டு எடுக்கவேண்டும். ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் அந்தப் பாட்டில் போச்சு. அமாவாசையன்று தர்ப்பணம் முடித்தவர்கள் விட்டுப்போன வேட்டியும் சேலையும் காலைச் சுற்றிக்கொள்ள, ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் பாட்டிலைப் பிடித்தேன். இடத்துக்கு இரண்டு பாட்டில். ஒன்றில் படித்துறையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். முதல் நாள் பாபநாசத் தண்ணீர் காப்பித்தூள் நிறத்தில் திரண்டு மெதுவாக அடியில் இறங்கியதைப் பார்த்தபோது, புத்தகத்தில் இரண்டு மார்க்குக்குப் படித்தது இதுதானா என்று மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். மற்ற பாட்டில்களை மீன்கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் அண்ணன், "என்னம்மா, தீர்த்தமா?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றுதான் சொன்னேன்.

அப்படிக் கொண்டுவந்த 12 பாட்டில்கள் இன்குபேட்டருக்குள் 20 டிகிரியில் 5 நாள் இருட்டில் இருக்கவேண்டும். அந்த 5 நாளில் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றன என்பதுதான் பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை). இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்களுக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். வாரக்கடைசி குறுக்கே வருகிறது, இன்குபேட்டர் ஓடவேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் லேப்பைத் திறந்துதாருங்கள் என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தோம். பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல லேப்பின் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே தெர்மாமீட்டரில் 29 டிகிரி. ஆய்வக உதவியாளர் அண்ணன்மேல் எங்களுக்கு வருத்தமே இல்லை. அணைக்கச் சொல்லித்தான் அவருக்கு உத்தரவு.

27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் அதற்கும் இன்குபேட்டர் ஓடவேண்டுமே? மறுபடி எடுங்களேன் என்று இன்னொருவர் சொன்னார். தை அமாவாசை வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். அடுத்த தையில் நாங்கள் இந்தக் கல்லூரியில் இருக்கமாட்டோம்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டோம். "பழைய ரிப்போர்ட்டில் இருக்கிற நம்பரைப் போட்டு முடிச்சிருங்க" என்று சொன்னதைத்தான் தாங்கமுடியவில்லை. யார் சொன்னது என்று எழுதமாட்டேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இளநிலைப் படிப்பின் ஆராய்ச்சி முழுவதும் அடங்கிப்போயிருக்கிறது. கல்லூரிக்கு எதிரே பைண்டிங் கடையில் போய்ப் பாருங்கள், போன வருட மண்புழு உரமும் அதற்கு முந்தின வருட மூலிகைச் சாறும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அட்டை போடக் காத்திருக்கும். மாணவர்கள் சோம்பேறிகள் என்கிறீர்கள். நாலரை மணிக்குப் பூட்டுகிற லேப்பில் எந்த உயிரை வைத்து எந்த ஆராய்ச்சியைச் செய்வது? பாக்டீரியாவுக்கு நாலரை மணி தெரியாது, கொசுப்புழு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கூட்டுப்புழுவாவதை நிறுத்தாது.

2014-இல் பல்கலைக்கழக மானியக்குழு விலங்குகளை வெட்டிப்பார்க்கும் பயிற்சியை நிறுத்தச் சொன்னது, நல்லதுதான், தவளைகள் பிழைத்தன. அந்த நேரத்துக்குப் பதிலாக எங்களுக்கு என்ன கிடைத்தது? சுவரில் படம். நம் ஊரில் உயிர்களைப் பார்த்துப் படிக்கும் இடத்துக்காவது பஞ்சம் உண்டா? மேற்கே பார்த்தால் அகத்தியமலை, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த உயிர்க்கோளக் காப்பகம். நாங்குநேரிப் பக்கம் போனால் கூந்தன்குளம், கூழைக்கடா குஞ்சு பொரிக்கும் ஊர், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத சனங்கள். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-லிருந்து நடக்கிறது, அதில் தன்னார்வலராகப் போன எங்கள் கையில் பைனாகுலரையும் படிவத்தையும் கொடுத்து ஒரு குளத்தை நம்பி விட்டார்கள். நாங்கள் எண்ணிச் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். சொந்தக் கல்லூரியில் ஒரு சாவியை நம்பித் தர ஆளில்லை என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவேண்டும். கேட்பது பெரிய காரியம் இல்லை. புதுக் கருவி வேண்டாம், பணமும் வேண்டாம், ஆக்சிஜனை அளக்க வேண்டிய தயோசல்பேட்டைக்கூட நாங்களே காசு போட்டுத்தான் வாங்கினோம். இன்குபேட்டருக்குத் தனி லைன் இழுத்துக்கொடுங்கள், இல்லையென்றால் மெயினை அணைக்காமல் விட்டுப்போகச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் ஒரு பேராசிரியர் பொறுப்பில், கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கும் ஒரு நோட்டு வையுங்கள். அப்புறம், கெட்டுப்போன சோதனையைக் கெட்டுப்போனது என்று எழுதிய ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையதில் பிஓடி அட்டவணை இருக்கவேண்டிய பக்கத்தில் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறோம், ஒரு எண்ணையும் இட்டுக்கட்டவில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதற்கு மார்க் குறைந்தால் குறையட்டும்.

பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து, மூடியில் எண் எழுதி, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். ஆடி அமாவாசைக்கு அவர்கள் பாபநாசம் போகப்போகிறார்கள், தெர்மாகோல் பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் தண்ணீரோடு திரும்பி வரும்போது தயவுசெய்து லேப்பைத் திறந்துவையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி