அந்த மூட்டையை எடைக்குப் போடாதீர்கள்: சேலத்துப் பழைய ஸ்டூடியோக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையிலோ குகையிலோ அம்மாபேட்டையிலோ உங்கள் தாத்தா ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்திருப்பார். இன்றைக்கு அந்த இடத்தில் ஜெராக்ஸ் கடையோ செல்போன் கடையோ நடக்கும். ஆனால் பரணில் ஒரு மூட்டை இன்னும் கிடக்கும்: பழைய நெகட்டிவ், கண்ணாடித் தகடு, ஓரம் அரித்த ஆர்டர் நோட்டு. அந்த மூட்டையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

எங்களுடையது அம்மாபேட்டையில் தறி நெய்த குடும்பம். அப்பாயியின் கல்யாணப் படம் கூடத்தில் மாட்டியிருந்தது. அப்பாயி போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த ஈரம் சட்டத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் கழற்றிப் பார்த்தால், வலது ஓரத்தில் நிற்கும் பெண்ணின் முகம் கண்ணாடியோடு ஒட்டி உரிந்து வந்துவிட்டது. புடவைக் கரை இருக்கிறது, கையில் வளையல் இருக்கிறது, முகம் இல்லை.

அவர் அப்பாயியின் தங்கை. தலைப்பிரசவத்தில் இறந்தவர். 'உன் நாடி அப்படியே என் தங்கச்சி நாடிடி' என்று அப்பாயி என் அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு இருந்த ஒரே படம் அதுதான் என்று நினைத்திருந்தோம்.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுக்க ஒரே சட்டத்தின் கீழ் வந்ததே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்பு வீட்டில் பிறந்து வீட்டிலேயே இறந்த எத்தனையோ பெண்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வீட்டின் தாய்ப்பத்திரத்தைப் புரட்டினேன். அப்பா பெயர், தாத்தா பெயர், நான்கு எல்லை, சாட்சிகள் எல்லாம் இருக்கிறது. பெண்கள் இரண்டு இடத்தில் வருகிறார்கள், இரண்டும் 'இன்னார் மனைவி'. மொய் நோட்டுகளை எடுத்தேன். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு மொய் நோட்டு பெரிய புதையல். எந்த ஊரில் யார் நமக்கு உறவு, யார் மாமன், யார் பங்காளி என்று அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அதிலும் ஆண்கள் பெயர்தான். நம் பாட்டிகளும் அவர்களுடைய அக்கா தங்கைகளும் இந்த உலகத்தில் இருந்தார்கள் என்பதற்குப் பல வீடுகளில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி உங்கள் தாத்தா எடுத்த படம்தான்.

படம் ஒட்டியிருந்த அட்டையின் கீழ் மூலையில் மை இல்லாத அழுத்து முத்திரை ஒன்று இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் ஸ்டூடியோ பெயரும் தெருவும் படிக்க முடிந்தது. போனேன். பேரன் இருந்தார், நல்ல மனிதர், உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "போன ஆடிக்கு முன்னாடிதாங்க எல்லாத்தையும் போட்டேன். பழைய எக்ஸ்ரே பிலிமை எடைக்கு வாங்குறவர் வந்து மூணு மூட்டை எடுத்துட்டுப் போனார்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது முக்கியம் என்று அவரிடம் அதுவரை யாருமே சொன்னதில்லை.

சேலத்துக்காரர்களுக்கு வெள்ளியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொலுசுப் பட்டறையில் கூட்டிய தூசியைக்கூட வீசாமல் உருக்கி எடுக்கிற ஊர் இது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருக்கும் கறுப்பு முழுக்க வெள்ளித் துகள்தான், அதனால்தான் அதற்கு விலை. ஒரு முகத்தில் இருக்கிற வெள்ளி எவ்வளவு தேறும்? கண்ணால் பார்க்கக்கூடத் தேறாது. கலர் நெகட்டிவில் அதுவும் இல்லை. கழுவும்போதே வெள்ளி போய்விடும்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்தது ஆர்டர் நோட்டு மட்டும். தன் தாத்தாவின் கையெழுத்து என்பதால் அந்தப் பேரன் அதை வைத்திருந்தார். நீளவாக்கு நோட்டு, கட்டைப் பேனா எழுத்து: நெகட்டிவ் நம்பர், தேதி, பெயர், ஊர், சைஸ், எத்தனை காப்பி, முன்பணம், பாக்கி. ஓமலூர், வாழப்பாடி, ராசிபுரம், ஏற்காடு என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். இரண்டு மணி நேரம் புரட்டி எங்கள் தாத்தா பெயரைப் பிடித்தேன். 'கேபினெட் 3. ஆத்தூர் 1, தபால்.' அதாவது கேபினெட் சைஸில் மூன்று காப்பி, அதில் ஒன்று தபாலில் ஆத்தூருக்கு.

ஆத்தூர் என்றால் அந்தத் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். அந்த வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து நின்று இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். அவர் கணவர் பிறகு கட்டிய மனைவியின் மகள், எழுபது வயதுக்காரர், தகரப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துப் பிரித்தார். கண்ணாடி போடாத, பூச்சி தொடாத படம். அக்கா அதைக் கையில் வாங்கியதும் பேசவே இல்லை. அதே நாடி.

அந்த நோட்டு இல்லையென்றால் நாங்கள் ஆத்தூருக்குப் போயிருக்கவே மாட்டோம். அதனால்தான் உங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன்: நெகட்டிவைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் நோட்டையாவது வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

நெகட்டிவ் இருந்தால், பழைய கவரிலிருந்து பிரிக்காதீர்கள். கவரில் இருக்கும் நம்பர்தான் நோட்டுக்குச் சாவி. பெட்டியைத் திறந்ததும் காடி போலப் புளித்த வாடை அடித்தால் அந்த பிலிமைத் தனியே எடுத்து வையுங்கள், அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். கண்ணாடித் தகட்டைத் தண்ணீரில் கழுவவே கூடாது. மங்கலாக இருக்கும் பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அங்கே விரல் படக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நடுவில் தாள் வைத்து விளிம்பில் நிற்கவையுங்கள். ஜன்னலில் வெள்ளைத் தாளை ஒட்டி அதன் முன்னால் நெகட்டிவைப் பிடித்துப் போனில் எடுத்தால் போதும், முகம் அடையாளம் தெரியும் அளவுக்கு வரும்.

இது ஏதோ நான் ஒருவன் கிளப்பும் ஆசை இல்லை. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய் அவர்களின் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. வெளிநாட்டு நூலகத்துக்குத் தெரிந்த அருமை நம் பரணுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

படங்களை அப்படியே இணையத்தில் போட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மூட்டை உங்கள் சொத்து, அதில் இருக்கும் முகங்கள் வேறு வேறு வீட்டுடையவை. நம்பரோடு வந்து கேட்கிற குடும்பத்துக்குக் கொடுங்கள், அதற்குக் காசும் வாங்குங்கள். உங்கள் தாத்தா உழைப்புக்கு அது நியாயம்தான். இடமில்லை, வைத்துக்கொள்ளவே முடியாது என்றால், எடைக்காரருக்குப் போன் போடும் முன் அம்மாபேட்டையில் தறிக்காரர்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வேன் வைத்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், எடைக்காரர் கொடுக்கிற விலையையும் கொடுத்துவிடுகிறேன்.

அந்த நோட்டில் எங்கள் தாத்தாவுக்கு அடுத்த வரியையும் குறித்து வந்திருக்கிறேன். 'குகை. குழந்தை, தொட்டிலில். கார்டு சைஸ் 2. பாக்கி இல்லை.' அந்தக் குழந்தை இன்றைக்கு இருந்தால் எழுபதைத் தாண்டியிருக்கும். நெகட்டிவ் மூட்டையோடு போய்விட்டது. இரண்டு காப்பியில் ஒன்று குகையில் யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் பேரன்