பாலையும் ஆப்பிளையும் மேடைக்குத் திருப்பித் தாருங்கள்: கலைவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கலைவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' நாவலைத் தழுவி நம் கல்லூரி மாணவர்கள் தமிழில் மேடையேற்றவிருக்கும் நாடகத்துக்குத் தாங்கள் வாய்மொழியாகச் சொல்லியனுப்பிய திருத்தங்கள் வந்து சேர்ந்தன. பன்றிகளுக்குப் பதிலாக வேறு விலங்கை வைக்க வேண்டும் என்கிறீர்கள். இதே நூலை 1944இல் வெளியிட மறுத்த லண்டன் பதிப்பாளர் ஜொனாதன் கேப்பும், ஆளும் வர்க்கமாகப் பன்றிகளைக் காட்டினால் பலர், குறிப்பாக ரஷ்யர்கள், மனம் புண்படுவார்கள் என்றுதான் எழுதினார். ஆகவே தங்கள் யோசனைக்கு மூத்த துணை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பாலும் ஆப்பிளும் வரும் காட்சியை அடியோடு நீக்கச் சொன்னதைத்தான் எங்களால் ஏற்க இயலவில்லை. பண்ணைக்காரன் ஜோன்ஸை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்தத் தொடங்கியதும், கறந்து வைத்த பால் காணாமல் போகிறது. உதிர்ந்த ஆப்பிள்கள் எல்லாருக்கும் பங்கு வைக்கப்படும் என்று நம்பியிருந்த விலங்குகளிடம், அவை பன்றிகளுக்கே உரியவை என்று அறிவிக்கப்படுகிறது. எங்களில் பலருக்கு இவை பிடிக்கவே பிடிக்காது, உங்கள் நன்மைக்காகவே உண்கிறோம், நாங்கள் கடமை தவறினால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்று பன்றிகளின் பேச்சாளரான ஸ்குவீலர் விளக்குகிறது, அதன்பின் மறுபேச்சில்லை. கதையின் திருப்புமுனை இதுவே என்று ஆர்வெல் 1946இல் அமெரிக்க இதழாசிரியர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இதை வெட்டிவிட்டால், பின்னால் வரும் நாய்களும் கொலைகளும் நெப்போலியன் என்ற ஒரே ஒரு பன்றியின் குணக்கேடாகச் சுருங்கிவிடும். பாலை மற்றவை விட்டுக்கொடுத்த அன்றே பண்ணை கைமாறிவிட்டது என்பது பார்ப்பவர்களுக்குப் புரியாமலே போகும்.

ஸ்குவீலராக நடிக்கும் முதலாமாண்டு மாணவி, அரங்கம் தரப்படாததால், வகுப்பு முடிந்து ஊருக்குப் பேருந்து வரும்வரை சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அந்த நீண்ட வசனத்தை மனப்பாடம் செய்தவர். அவரிடம் என்ன காரணம் சொல்வது? 'சிலர் தங்களைச் சொல்வதாக நினைக்கக்கூடும்' என்பது மட்டுமே எங்களுக்குக் கிடைத்த பதில். ஆர்வெல் மனத்தில் வைத்து எழுதியது ஸ்டாலினின் ரஷ்யாவை. நம் கல்லூரியில் அந்தப் பால் வாளிக்கு உரிமை கொண்டாடப் போகிறவர் யார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒத்திகையைப் பார்வையிட வந்த குழுவினருக்கு முந்திரியும் தேநீரும் வந்ததையும், நடித்துக் களைத்த பிள்ளைகளுக்குக் குடிநீர்கூட வராததையும் இதோடு முடிச்சுப் போடும் எண்ணம் எங்களுக்குச் சற்றும் இல்லை.

நாடகங்களைக் கட்டுப்படுத்த 1954இல் கொண்டுவரப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றமே 2013இல் செல்லாதென்று அறிவித்துவிட்டது. அரசிடமிருந்து பிடுங்கப்பட்ட கத்தரிக்கோல் எப்படிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை.

பாலும் ஆப்பிளும் வரும் காட்சி முழுமையாக இடம்பெற அனுமதிக்குமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். மறுப்பதாயின், காரணத்தைக் கையொப்பத்துடன் எழுத்தில் தாருங்கள். விழாவுக்கு முன் ஓரிரு மாலைகளாவது ஒத்திகைக்கு அரங்கத்தைத் திறந்துவிட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாடகப் பயிற்சியாளர்